குழாய்க்குக் காப்பு உண்டு, கழுவுகிறவருக்கு?

வட்டக்கோட்டையின் மதில் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காற்றாலைகள். கோட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மார்த்தாண்ட வர்மாவைச் சொல்வார்கள், டச்சுக்காரர் டிலனாயைச் சொல்வார்கள். கல் சுமந்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. ஒடுக்கப்பட்ட சாதிகளிடம் ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் வேலை வாங்கிய திருவிதாங்கூர் அரசின் கோட்டை அது. அங்கே கல் சுமந்தவனுக்குப் பெயர் இருந்தால்தான் வியப்பு.

பழங்கதை பேச வரவில்லை. இதே கரையில் சற்றுத் தள்ளி இருக்கிறது சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம். மீனுக்கு ஐஸ் வேண்டும். ஐஸ் ஆலை என்றால் கண்டென்சர் குழாய்கள் உண்டு. அவற்றைக் குளிர்விக்கும் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் குழாயில் வெள்ளையாகப் படிவு கட்டும். வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் கட்டுகிற அதே சுண்ணாம்புப் படிவுதான். அது தடித்தால் சூடு வெளியேறாது, கரண்ட் பில் ஏறும். அப்போது முதலாளி சொல்வார்: "ஆசிட் போட்டுக் கழுவு." ஐஸ் ஆலை முதல் அனல்மின் நிலையம் வரை எல்லா இடத்திலும் இந்த வேலை உண்டு.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் படிவைக் கரைக்கும், இரும்பையும் தின்னும். ஆகவே இரும்பைக் காப்பதற்கென்றே அமிலத்தில் ஒரு தடுப்பு மருந்து கலக்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் என்றால் இந்த அமிலமே ஆகாது, குழாயில் குழி விழுந்துவிடும் என்று வேறு அமிலம் தேடுகிறார்கள். கழுவி முடித்ததும் சோடா கலந்த தண்ணீரால் அமிலத்தின் வீரியத்தைப் போக்குகிறார்கள். ஒரு குழாய்க்கு இத்தனை அக்கறை! அமில வாளியைத் தூக்குகிற கைக்கு ஒரு ரப்பர் கையுறை கேட்டால் மட்டும் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்கிறார்கள்.

கையுறையோடும் முடியவில்லை. ஒரு கிலோ சுண்ணாம்புப் படிவு அமிலத்தில் கரைந்தால் சுமார் 440 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். கிட்டத்தட்ட 240 லிட்டர் வாயு. மணம் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. காற்றைவிடக் கனமானது என்பதால் தொட்டியின் அடியில் போய்த் தங்கும். படிவில் இரும்பு சல்பைடு கலந்திருந்தால் ஹைட்ரஜன் சல்பைடும் கிளம்பும். சாக்கடைக் குழியில் ஆட்களைக் கொல்கிற அதே வாயு. முதல் ஆள் மயங்கி விழுவார், தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழுவார். சாக்கடைச் சாவுகளில் எத்தனை முறை படித்துவிட்டோம் இதை!

இத்தனைக்கும் ஆள் இறங்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. ஒரு பம்பும் இரண்டு ஹோஸும் வைத்து, அமிலத்தை மூடிய சுற்றாக ஓடவிட்டு, வாயுவை மேலே திறந்துவிட்டால் போதும். பிறகும் ஏன் ஆளை இறக்குகிறார்கள்? பம்பை வாடகைக்கு எடுப்பதைவிட ஆள் மலிவு. அந்த ஆளை மலிவாக்கி வைத்திருப்பது சாதி.

2021 டிசம்பரில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில் ஒரு கணக்குச் சொன்னது. சாதி விவரம் கிடைத்த 43,797 மலம் அள்ளும் தொழிலாளர்களில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். அமிலத் தொட்டியில் இறங்குகிறவர்களுக்கு இப்படி ஒரு கணக்கு உண்டா? அங்கே செத்தால் அது 'தொழிற்சாலை விபத்து'. அந்தப் பதிவேட்டில் சாதி இல்லை. ஆகவே சாதிக் கொடுமையும் இல்லை என்றாகிவிடுகிறது.

சட்டமும் இந்த வித்தைக்குத் துணை நிற்கிறது. 2013ஆம் ஆண்டின் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் 'ஆபத்தான துப்புரவு' என்று சொல்வது சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் மட்டுமே. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்ன 30 லட்சம் ரூபாய் இழப்பீடும் சாக்கடைச் சாவுக்குத்தான். மனிதக் கழிவு இல்லாத தொட்டி என்பதால் உயிரின் விலை குறைகிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 36ஆவது பிரிவில் தெளிவாகவே எழுதியிருந்தது. வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள், குழாய்க்குள் யாரும் சும்மா இறங்கக் கூடாது. சோதித்துப் பார்த்துத் தகுதியுள்ளவர் எழுதிக் கொடுத்த சான்று வேண்டும். இல்லையேல் சுவாசக் கருவியும் இடுப்புக் கயிறும் வேண்டும், கயிற்றின் மறுமுனை வெளியே ஒருவர் கையில் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைச் சுருட்டி வைத்துவிட்டு 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது 20 ஆகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கு மத்தியச் சட்டத்தில் 20 பேர் என்றிருந்த வரம்பு 50 ஆகிவிட்டது.

இதைவிட மோசமான ஒரு வரி உண்டு. முதன்மைப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்கிறது அந்தத் தொகுப்பு. எது முதன்மைப் பணி இல்லை என்று போட்ட பட்டியலில் முதலில் நிற்பது எது தெரியுமா? பெருக்குவது, கழுவுவது, கழிவை அகற்றுவது. கழுவுகிறவன் ஊருக்கு வெளியே என்றான் மனு. கழுவும் வேலை முதன்மைக்கு வெளியே என்கிறது நாடாளுமன்றம். கண்டென்சர் கழுவப்படாவிட்டால் ஆலையே நின்றுபோகும், ஆனாலும் அது முதன்மை வேலை இல்லையாம்! 'துப்புரவு' என்ற ஒரு சொல்லை ஒப்பந்தத் தாளில் எழுதிவிட்டால் அமிலக் கழுவலையும் காண்ட்ராக்டர் தலையில் கட்டிவிடலாம்.

பெரிய அரசு நிறுவனங்கள் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். 2017 நவம்பர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஊஞ்சாஹாரில், என்டிபிசியின் 500 மெகாவாட் கொதிகலனின் அடியில் சாம்பல் கட்டி அடைத்துக்கொண்டது. அலகை முழுதாக நிறுத்தாமலே அடைப்பை எடுக்கும் வேலை நடந்தது. கொதிகலன் வெடித்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சாம்பல் வேறு, சுண்ணாம்புப் படிவு வேறுதான். எந்திரத்தை நிறுத்தினால் வரும் நட்டத்தையும் ஒப்பந்த ஆளின் உயிரையும் தராசில் வைக்கிற புத்தி ஒன்றுதான்.

தோள்சீலைக்காகப் போராடிய மண் இது. அன்று ஊழியம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று முதலாளிகள். அதை யாரும் குறை சொல்லவில்லை. தொட்டிக்குள் இறக்கப்படுகிறவர் மட்டும் ஏன் மாறவில்லை என்பதை அவர்களிடமும் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை எல்லாத் தொட்டிகளுக்கும் விரிக்க வேண்டும். கழுவும் பணியை முதன்மைப் பணியாக அறிவித்து நேரடி நியமனம் செய்ய வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் இன்ஜினியரிங் படித்தவர்கள். நாளை ஷிப்ட் இன்ஜினியராக பெர்மிட் தாளில் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் நீங்கள்தான். வாயு அளந்த எண் எழுதப்படாத தாள் வந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள். ஐஸ் ஒரு நாள் தாமதமாகட்டும்.