பெட்டிக்குள் உறங்கும் முகங்கள்



நம் வீடுகளில் பீரோவின் அடித்தட்டிலோ, பரண்மேல் வைத்த தகரப் பெட்டியிலோ ஒரு புகைப்படக் கட்டு இருக்கும். பாட்டனார் இளமையில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம், பெரிய தந்தையாரின் திருமணப் படம், கடல் கடந்து பிழைக்கப் போனவரின் பாஸ்போர்ட் படம் என்று பலவும் அதில் அடங்கியிருக்கும். எப்போதோ ஒரு நாள் எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் கட்டி வைத்துவிடுவோம். அவை என்றும் அங்கேயே இருக்கும் என்பது நம் எண்ணம்.

அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை 2024ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டம் கண்டது. நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவில் திறந்துவிடப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. முகையூர் வட்டாரத்து அரகண்டநல்லூர் முதலாகக் கரையோர ஊர்கள் பலவற்றில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பாத்திரத்தை மீண்டும் வாங்கலாம். பாயை மீண்டும் வாங்கலாம். மறைந்துபோன தாயின் ஒரே படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

படங்கள் நனைந்துவிட்டால், ஒட்டிக்கொண்டவற்றைப் பிய்த்து எடுக்காதீர்கள். தூய குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, தானாகப் பிரிய விட்டு, படமுகம் மேலே இருக்குமாறு நிழலில் உலர்த்துங்கள். ஆயினும் வெள்ளம் வருமுன் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அப்படங்களைக் கணிப்பொறியில் ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் தோன்றும் 'ஸ்லைடு ஷோ'வாக அமைத்துக்கொள்வதே அது.

முதலில் ஸ்கேனர். தபால் அட்டை அளவுள்ள 4×6 அங்குலப் படத்தை அங்குலத்திற்கு 600 புள்ளிகள் என்ற அளவில் நகலெடுத்தால் 2400×3600 புள்ளிகள் கிடைக்கும். இன்றைய தொலைக்காட்சித் திரைகள் பலவற்றின் அளவு 1920×1080 தான். ஆகவே அது தாராளமாகப் போதும். பாஸ்போர்ட் அளவுள்ள சிறு படத்திற்கு 1200 புள்ளிகள் வையுங்கள். இந்த முதல் நகலைத் திருத்தாமல் தனியே பாதுகாத்து, அதன் பிரதியில் மட்டுமே வேலை செய்யுங்கள்.

அடுத்தது திருத்தம். 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் விலை கொடுத்துப் பெறவேண்டியது. 1995இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கிய 'கிம்ப்' என்னும் மென்பொருளோ எவருக்கும் இலவசம். கோணலை நிமிர்த்தவும், ஓரத்தை வெட்டவும், கீறலை மறைக்கவும் அது போதும். 1970களின் வண்ணப் படங்கள் பல இன்று சிவந்து காணப்படுவதேன்? அவற்றிலுள்ள நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட விரைந்து மங்கியதே காரணம். 'லெவல்ஸ்' என்னும் பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே சரிசெய்தால் இழந்த நிறம் பெருமளவு மீளும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று மலிந்துவிட்டன. அவை இல்லாத கண்ணையும் இதழையும் ஊகித்து வரைந்து விடுகின்றன. அழகாக இருக்கும், ஆனால் அது உங்கள் பாட்டனாரின் முகம் அன்று. தூசியைத் துடைப்பது வேறு, முகத்தை மாற்றுவது வேறு.

பின்பு கோவைப்படுத்துதல். இதற்கும் இலவசமான 'லிப்ரே ஆபிஸ் இம்பிரெஸ்' உண்டு. அதன் புகைப்பட ஆல்பம் வசதியில் படங்களைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்திற்கு ஒன்றாக அமைத்துத் தரும். ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு வினாடி கொடுங்கள். ஓடியாடும் விளைவுகளும் பாட்டும் தேவையில்லை. முகத்தைப் பார்க்க நேரம் வேண்டும், அவ்வளவே.

இனித்தான் முதன்மையான வேலை. அதைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, வீட்டிலுள்ள முதியவரை எதிரே அமர்த்துங்கள். கையிலிருக்கும் இரண்டங்குலப் படத்தில் எதையும் காண இயலாத கண்கள், பெரிய திரையில் அடையாளம் கண்டுகொள்ளும். "இது யார்? எந்த ஊர்? எந்த ஆண்டு?" என்று கேளுங்கள். சொல்வதைக் கைபேசியில் பதியுங்கள். பிறகு ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் எழுதுங்கள்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிச் சேகரித்து இவ்வாறே கணிப்பொறியில் ஏற்றியது. போற்றத்தக்க பணி! எனினும் நிறுவனங்களால் படத்தைக் காக்க முடியும். படத்தில் நிற்பவர் யாருக்கு மகள், யாருக்கு மாமி என்பதைக் குடும்பத்தார் அன்றி யார் சொல்வது? அறிந்தவர் கண்மூடிவிட்டால், எத்தனை தெளிவான படமும் பெயரற்ற முகமே.

படங்கள் நம்மிடம் உள்ள அமானிதம் என்பதையும் மறவாதீர்கள். தம் படம் பிறர் பார்வைக்குப் போவதை விரும்பாத பெண்கள் நம் குடும்பங்களில் உண்டு. உரியவரைக் கேளாமல் எந்தப் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

முடிந்ததும் மூன்று பிரதிகள் எடுங்கள். மூன்றையும் ஒரே வீட்டில் வைத்தால், வெள்ளம் மூன்றையும் சேர்த்தே கொண்டுபோகும். ஒன்று உங்களிடம், ஒன்று வெளியூர்ச் சகோதரியிடம், ஒன்று வளைகுடாவிலுள்ள மகனிடம் இருக்கட்டும்.

வரும் விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வருவார்கள். கணிப்பொறி அவர்களுக்குத் தெரியும். பெயர்கள் பாட்டிக்குத் தெரியும். இருவரையும் ஒரே திரையின்முன் அமரச் செய்வது உங்கள் பொறுப்பு. பாட்டியின் நினைவு மங்குமுன் பெட்டியைத் திறந்துவிடுங்கள்!