செங்டுவுக்கும் குன்மிங்குக்கும் இடையில் யார் இருக்கினம்?

செங்டுவிலிருந்து குன்மிங் எவ்வளவு தூரம் என்று தேடினால் உடனே விடை வந்துவிடும்: நேர்கோட்டில் ஏறக்குறைய 630 கிலோமீற்றர், விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். சிச்சுவானின் தலைநகருக்கும் யுன்னானின் தலைநகருக்கும் இடையில் அவ்வளவுதான். எங்களுக்கு இந்த விடையில் நம்பிக்கை இல்லை.

முதலில், அந்த ஒன்றரை மணித்தியாலமே முழுக்கணக்கு இல்லை. 2021இல் திறந்த செங்டு தியான்ஃபு விமான நிலையம் நகர மையத்திலிருந்து 50 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. அங்கு போய், சோதனை முடித்து, காத்திருந்து, இறங்கி, திரும்பவும் நகரத்துக்குள் போகவேணும். அரை நாள் போய்விடும். சரி, அதை விடுவம்.

பெரிய சிக்கல் வேற. இந்தக் கணக்கில் இரண்டு முனைகள் மட்டும்தான் இருக்கு. நடுவில் லியாங்ஷான் மலைகள், அங்கு யீ மக்கள். 1970இல் திறந்த பழைய செங்டு–குன்மிங் ரயில்பாதை அந்த மலைகளுக்குள்ளால்தான் போகிறது. ஏறக்குறைய 1,100 கிலோமீற்றர், 400க்கு மேற்பட்ட சுரங்கங்கள். கட்டும்போது செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். வானத்தில் 630, தரையில் 1,100. அந்த வித்தியாசம் முழுக்க மலையும் ஆறும்தான்.

அந்தப் பாதையில் 5633, 5634 என்ற எண்களில் ஒரு மெதுவான ரயில் ஓடுகிறது. புஷியோங்கிலிருந்து பன்ஜிஹுவா வரை 353 கிலோமீற்றர், 26 நிலையங்கள், கிட்டத்தட்ட பத்து மணித்தியாலம். ஆகக் குறைந்த டிக்கெற் 2 யுவான், முழுத் தூரத்துக்கும் 25.5 யுவான். பல வருடங்களாக இந்த விலை ஏறவில்லை. சந்தைக்குப் போற சனம் கோழி, பன்றி, ஆடு, மரக்கறி எல்லாத்தோடும் ஏறும். அதுக்காகச் சில பெட்டிகளில் இருக்கைகளையே கழற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போற பிள்ளைகளும் இதில்தான்.

நட்டத்தில் ஓடுற ரயில் எதுக்கு என்று கேட்கிறவர்கள் எங்கேயும் இருப்பார்கள். டிக்கெற் காசை மட்டும் எண்ணினால் அவர்கள் சொல்வது சரி. சந்தையில் வித்த ஆட்டையும், பிள்ளை தவறவிடாத பாடத்தையும் அந்தக் கணக்கில் எங்கே எழுதுவது?

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேணும். கமராவோடு ஏறி, ‘எவ்வளவு அழகான எளிமை’ என்று படம் போடுற ஆட்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. பத்து மணித்தியாலம் மரக்கறி மூட்டையோடு இருப்பது அழகு இல்லை, களைப்பு. 2022 டிசம்பரில் புதிய இரட்டைப் பாதை முழுதாகத் திறந்தது: 915 கிலோமீற்றர், மணிக்கு 160 வரை வேகம், செங்டு–குன்மிங் ஏழரை மணித்தியாலம். மலைக்காரருக்கும் அந்த வேகம் வேணும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறவருக்கு நேரம் எண்டால் நேரம்தான்.

ஆனால் வேக ரயில் சின்னச் சின்ன நிலையமெல்லாம் நிற்காது. நின்றால் அது வேக ரயிலே இல்லை. அதனால் புதியது வந்ததும் பழையதை நிறுத்தலாம் என்ற வாதம் பிழை. இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை. ஒன்று செங்டுவையும் குன்மிங்கையும் கிட்டவாக்குது. மற்றது ஒரு மலைக்கிராமத்தை அடுத்த ஊர்ச் சந்தையோடு சேர்க்குது. அந்தச் சந்தை எவ்வளவு தூரம் என்று கேட்டால் விமான நேரம் சொல்ல ஒருத்தராலும் ஏலாது. 2 யுவான், அடுத்த நிலையம், ஆடும் வரலாம்.