மறுரூபமும் கலியாணப் பேச்சும்



நமது சபைகளில் ‘ஒப்புக்கொடுத்தல்’ என்ற சொல்லை அதிகமாகக் கேட்பது வாலிபர் முகாமின் கடைசி இரவில்தான். விளக்குகளைக் குறைப்பார்கள், கீபோர்ட் மெல்ல ஒலிக்கும், பலர் கண்ணீரோடு முன்னே வருவார்கள். அந்த இரவில் தேவன் பேசுகிறார் என்றே நம்புகிறேன். ஆனால் அங்கே நாம் ஒப்புக்கொடுப்பவை எவை? போன், கோபம், கூடாத சிநேகிதம், படிப்பில் சோம்பல். அம்மா அப்பாவும் கேட்டுச் சந்தோஷப்படக்கூடிய பட்டியல். அவர்களையும் சேர்த்துச் சங்கடப்படுத்தும் காரியம் எதுவும் அதில் வருவதில்லை.

ரோமர் 12:2இல் ‘மறுரூபமாகுங்கள்’ என்று நாம் வாசிக்கும் சொல், கிரேக்கத்தில் செயப்பாட்டு வினையில் அமைந்த கட்டளை. ‘மாற்றப்பட இடங்கொடுங்கள், தொடர்ந்து இடங்கொடுங்கள்’ என்பது அதன் போக்கு. மலையின்மேல் இயேசு மறுரூபமானதைச் சொல்ல மத்தேயுவும் மாற்குவும் எடுத்த வினைச்சொல்லும் இதுவே. மாற்றுகிறவர் தேவன். கதவைப் பூட்டாமல் வைப்பது நம் பங்கு.

அந்த நிருபத்தைப் பெற்றவர்களையும் கவனியுங்கள். கிலவுதியு இராயனுடைய கட்டளையால் ரோமாபுரியைவிட்டு வெளியேறிய ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் 16ஆம் அதிகாரத்தில் மறுபடியும் அங்கே இருக்கிறார்கள். இடம்பெயர்வு என்னவென்று நம் பெற்றோரைப்போல அறிந்தவர்கள். அந்தச் சபையில் பிரச்சினை சாப்பாட்டில் வந்தது. யார் எதைச் சாப்பிடலாம், சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை எப்படி நடத்தவேண்டும் என்று 14ஆம் அதிகாரம் நீளமாகப் பேசுகிறது. மறுரூபம் என்று தொடங்கிய பேச்சு பந்தியில் வந்து நிற்கிறது.

பேதுருவைப் பாருங்கள். பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கித்தவர் அவர். யோப்பாவில் தரிசனத்தில் மூன்றுதரம் சத்தம் கேட்டு, கொர்நேலியுவின் வீட்டுக்குள்ளும் போனவர். அப்படிப்பட்டவர், அந்தியோகியாவில் யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடன், புறஜாதியாரோடு சாப்பிடுவதை விட்டு விலகிக்கொண்டார் (கலாத்தியர் 2). உபதேசம் தெரியாமல் அல்ல. தன்னுடைய ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம்.

அந்தப் பயம் நமக்குப் புதியதா? டொரொன்டோவிலும் லண்டனிலும் 30 வருடம் வாழ்ந்த வீடுகளிலும், கலியாணப் பேச்சு எடுத்தால் சீக்கிரமே வந்துவிடுகிற கேள்வி, “ஊரில எந்த இடம்?” இடத்தைச் சொன்னதும் ஒரு சின்ன மௌனம். சாதி என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை, ஆனால் அந்த மௌனத்துக்குள் அது முழுதாக உட்கார்ந்திருக்கிறது. பிள்ளையின் விசுவாசமும் குணமும் அதற்குப் பிறகுதான் விசாரிக்கப்படுகின்றன. கேட்டால், “நாங்கள் பார்க்கிறதில்லை, சொந்தக்காரர் என்ன சொல்லுவினம் எண்டுதான்” என்பார்கள். அந்தியோகியாவில் பேதுருவும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருப்பார். திருவிருந்தில் ஒரே அப்பத்தில் பங்குபெறும் இரண்டு குடும்பங்கள் சம்பந்திகளாக முடியாதென்றால், அந்த இடத்தில் தேவன் கைவைக்க நாம் இன்னும் விடவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

பெற்றோரைக் கனம்பண்ண வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் கனம்பண்ண வேண்டும். பவுல் பேதுருவை எதிர்த்ததுபோல அப்பாவை எல்லார் முன்னிலையிலும் எதிர்க்கச் சொல்லவில்லை (அன்றைக்கு இரவுச் சாப்பாடும் கிடைக்காது). ஆனால் உங்கள் கலியாணம் வரும்வரை காத்திராமல், வேறொருவரின் சம்பந்தம் வீட்டில் பேசப்படும்போதே, “அந்தக் கேள்வி ஏன் அம்மா?” என்று அமைதியாகக் கேட்கலாம். அப்படிக் கேட்க உங்களுக்கும் தகுதி வேண்டும். இங்கே பிறந்தவர்கள் ஒரு மேசையிலும், ஊரிலிருந்து அண்மையில் வந்து ஆங்கிலத்துக்குத் தடுமாறுகிற தம்பி தனியாக ரோல்ஸோடு இன்னொரு மூலையிலும் இருப்பது வாலிபர் கூட்டத்தில்தானே?

வரும் முகாமில் ஒரு வேளை பெற்றோரையும் அழைத்து, கலாத்தியர் 2ஐச் சேர்ந்து வாசிக்கலாம் என்று வாலிபர் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தேநீருக்கு யார் பொறுப்பு என்று மட்டும் இதுவரை கேட்டிருக்கிறார்கள்.