காகிதச் சித்திரமும் கோயில்பட்டியும்

சித்திரம் என்றால் எண்ணெய் வர்ணத்தில் துணிமேல் எழுதி, பொன்முலாமிட்ட சட்டத்துள் அடைத்து, அரண்மனைச் சுவரில் மாட்டுவது என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். காகிதத்தில் எழுதியதும் அச்சிட்டதும் அவர்கள் கண்ணுக்குச் சித்திரமாகவே படுவதில்லை. பிறவூரார் இவ்வாறு எண்ணுவாராயின் எண்ணுக. கோயில்பட்டிச் சீமையார் எண்ணுதல் தகாது.

ஏனெனில், தமிழ்நாட்டு வீடுகளின் சுவர்களை ஒரு தலைமுறைக்கு மேலாக அலங்கரித்த காலண்டர் படங்கள் பலவற்றின் மூலம் இவ்வூரில் எழுதப்பட்டதேயாம். 1898-ல் பிறந்து, சென்னை அரசாங்கச் சித்திர கலாசாலையிற் பயின்ற சி. கொண்டையராஜு, நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதுபவராக ஊரூராய்ச் சென்று, கம்பெனி கலைந்தபின் 1940-களில் இங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் டி. எஸ். சுப்பையா, எம். இராமலிங்கம் முதலிய மாணவர் அவருடனிருந்து எழுதினர். எழுதியவை சிவகாசியில் அச்சேறின. மழை குன்றிய கரிசற் பூமியில் தீப்பெட்டித் தொழில் தழைத்ததும், அதற்கு வேண்டிய லேபிள்களே சிவகாசி அச்சுத்தொழிலுக்குக் கால்கோளானதும் யாவரும் அறிந்தவை. கொண்டையராஜு 1976-ல் காலமானார்.

ஆயிரக்கணக்கில் அடித்த பிரதியைக் கலையென்பதா என்று சிலர் கேட்பர். ஜப்பானிய ஹொக்குசாயின் பேரலைப் படமும் 1831-ஐ ஒட்டி மரக்கட்டையில் வெட்டி, மலிந்த விலைக்கு விற்ற பிரதிதான். இன்று பெரும் பொருட்காட்சிசாலைகள் அதனைப் போற்றுகின்றன. பழைய லித்தோ முறையில் வர்ணந்தோறும் தனிக்கல்லோ தனித்தகடோ வேண்டும்; ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாது விழவும் வேண்டும். இது எளிய வேலையன்று.

காலண்டரின் கீழ்விளிம்பைப் பாருங்கள். மளிகைக்கடையோ ஜவுளிக்கடையோ பருத்தி மண்டியோ தன் பெயரையும் ஊரையும் அங்கே பொறித்திருக்கும். எவ்வூர் வணிகர் எவ்வாண்டில் எத்தெய்வத்தை விரும்பினார் என்பதற்கு அதனினும் நேரான சாட்சி அரிது. படத்தைச் சட்டமிடுவோர் முதலில் வெட்டி எறிவதும் அவ்விளிம்பையே! எஞ்சிய படமோ விளக்குப்புகையில் கருகுகிறது. மலிவுக் காகிதம் பழுப்பேறி நொறுங்குகிறது.

ஆதலின் இவ்வூருக்கு வேண்டுவது காகிதச் சித்திரங்களுக்கென ஒரு சாலையும், அதனோடு இணைந்த பதிப்பகமும். இரண்டும் ஏன் சேரவேண்டும் எனின், வெளிச்சம் காகிதத்துக்குப் பகை. சில வாரம் காட்டிப் பல மாதம் இருளில் வைத்தாலன்றி வர்ணம் நில்லாது. படம் உறங்கும் காலத்தில் அதன் நற்பதிப்பு வெளியே உலவவேண்டும். சென்னையில் 1994-ல் தோன்றிய தாரா பதிப்பகம் கையால் அச்சிட்ட சித்திரப் புத்தகங்களை உலகெங்கும் அனுப்பியிருக்கிறது. அரிய நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்த கோட்டையூர் ரோஜா முத்தையாவும் பெயர்ப்பலகை எழுதிய சித்திரக்காரரே. அவர் சேர்த்தவையே இன்று சென்னையில் பெரும் ஆராய்ச்சி நூலகமாய் நிற்கின்றன. நம் கரிசலின் சொற்களைக் கி. ராஜநாராயணன் அகராதியாக்கினார். படங்களுக்கு அத்தகைய தொண்டு செய்வார் யார்?

கட்டிடம் எழும்வரை காத்திருக்க வேண்டா. நமது கலாசாலை நூல்நிலையத்தில் ஓர் இருண்ட அலமாரி போதும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், பாட்டனார் வீட்டுப் பழைய காலண்டரைக் கேட்டு, விளிம்பு வெட்டாது வாங்கி, பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் குறித்துக் கொணர்க. மை வேண்டா; அது மறுபுறம் ஊறும்.