அடகு போன மேடை

'கூட்டத்தை அப்படியே கட்டிப் போட்டுவிட்டார்' என்று ஒரு பேச்சாளரைப் பாராட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மாட்டைக் கட்டிப் போடுவர். படகைக் கட்டிப் போடுவர். சிந்திக்கப் பிறந்த மனிதனைக் கட்டிப் போடுவது எவ்வாறு பாராட்டுக்குரிய செயலாகும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளி ஆண்டு விழா முதல் பங்குத் திருவிழா வரை, நூல் வெளியீடு முதல் ஞாயிறு மறையுரை வரை, இன்று ஒலிவாங்கியின் முன் நிற்போர் பெரும்பாலும் அஞ்சுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: கூட்டம் கலைந்துவிடுமோ, கண் அயர்ந்துவிடுமோ என்பதற்கு. அந்த அச்சத்திற்கு அவர்கள் கண்டுகொண்ட மருந்து சிரிப்பு. அந்த மருந்தே இன்று நோயாகி நிற்கிறது என்பது என் வழக்கு.

காரைக்குடி வட்டாரத்தில் வாழ்வோர்க்கு இவ்வழக்கைத் தொடுக்கத் தனி உரிமை உண்டு. 'கம்பனடிப்பொடி' சா. கணேசன் 1939-ஆம் ஆண்டு கம்பன் கழகத்தை நிறுவியது இவ்வூரில்தான். பங்குனித் திங்களில் மகம், பூரம், உத்திரம் ஆகிய நாள்களில் காரைக்குடியிலும், அத்தத்தன்று கம்பன் அடங்கிய இடமெனப் போற்றப்படும் நாட்டரசன்கோட்டையிலும் விழா எடுக்கும் மரபு அவரால் வேரூன்றியது. நேரந்தவறாமை அவ்விழாவின் அடையாளம். பொதுவுடைமை இயக்கத் தலைவர் ப. ஜீவானந்தம் அம்மேடையில் கம்பனைப் பேசினார். இங்கிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள குன்றக்குடித் திருமடத்தின் தலைவர் தவத்திரு குன்றக்குடி அடிகளார் (1925-1995) பட்டிமன்றத்தைக் காப்பியத்தோடு நிறுத்திவிடாமல், சமுதாயச் சிக்கல்களை அலசும் களமாகவும் வளர்த்தார்.

அந்நாளைய கூட்டத்தைப் பிடித்து நிறுத்தியது எது? வினா! வாலியை இராமன் மறைந்து நின்று வீழ்த்தியது அறமா? கம்பன் மேடைகளில் மீண்டும் மீண்டும் எழுந்த வினா இது. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கிய மு. மு. இஸ்மாயில் போன்ற சட்ட அறிஞரும் இவ்வழக்கில் நெடுநேரம் மனத்தைச் செலுத்தினார். இத்தகைய வினாவிற்கு எளிய விடை கிடையாது. ஒரு தரப்பைக் கேட்கையில் அது சரியெனத் தோன்றும். மறு தரப்பைக் கேட்கையில் முந்தைய முடிவு ஆட்டம் காணும். தீர்ப்பை நடுவர் சொல்லலாம். ஆனால் வழக்கு கேட்பவனுடைய நெஞ்சிலேயே நடக்கிறது. அவன் வீடு திரும்பும்போதும் அது முடிவதில்லை. 'பட்டிமண்டபம்' என்னும் சொல்லை நமக்குத் தந்த மணிமேகலையிலும் அது பல்வேறு சமயத்தார் கூடி வாதிடும் இடமேயன்றி, பொழுதுபோக்கும் இடமன்று.

இன்று அப்பெயரைத் தாங்கி வரும் நிகழ்ச்சிகளைப் பாருங்கள். 1990-களில் தனியார் தொலைக்காட்சிகள் வந்தபின் பண்டிகை நாள்தோறும் பட்டிமன்றம் வீட்டுக்குள் வந்தது. அதனால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. எழுத்தறியாத முதியோரும் நல்ல தமிழைச் செவிமடுத்தனர். ஆனால் மெல்ல மெல்ல வினா செத்தது, துணுக்கு மிஞ்சியது. குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா என்பதுபோல் ஒரு தலைப்பு. பேசுவோர் அறுவருக்கும் தலைப்பைப் பற்றிக் கவலையில்லை. ஒருவர் தம் மனைவியின் சமையலைப் பழிப்பார். மற்றவர் தம் மாமியாரின் வருகையைப் பழிப்பார். இறுதியில் இரு தரப்பும் சரியே என்பார் நடுவர். கைதட்டல் முழங்கும். எவர் மனத்திலும் எதுவும் அசைந்திராது.

அச்சிரிப்பிற்கு விலை கொடுப்போர் யார் என்று கேட்டதுண்டா? அதிகாலையில் எழுந்து சமைத்துவிட்டு, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, அந்த அவைக்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே. அவர்களைக் கேலிப்பொருளாக்கி அவர்களையே சிரிக்கவும் செய்கிறோம். அவர்களும் சிரிக்கிறார்கள், சிரிக்காவிட்டால் சிடுமூஞ்சி என்ற பெயர் வந்துவிடுமே! இதற்குக் கலகலப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறோம். கறுத்த நிறமும் பருத்த உடலும் திக்கும் நாவும் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம். எளியோரை இகழ்ந்து வாங்கும் கைதட்டல் களவுப் பொருளுக்கு ஒப்பானது.

'சாமி, காலம் மாறிவிட்டது. சிரிக்க வைக்காவிட்டால் இன்று எவர் உட்காருவார்? கையில் அலைபேசி இருக்கிறதே' என்று கேட்கிறார்கள். இவ்வாதத்தில் ஒரு மறைமுக இகழ்ச்சி ஒளிந்திருக்கிறது. மக்கள் சிந்திக்க இயலாதவர்கள், கிலுகிலுப்பை ஆட்டினால்தான் அழுகையை நிறுத்துவார்கள் என்பதே அதன் உட்பொருள். எம் மக்களை நான் அறிவேன். பாகப்பிரிவினை என்று வந்துவிட்டால் படிக்காத பாட்டியும் மூன்று தலைமுறைக் கணக்கை அடி பிசகாமல் எடுத்துரைப்பார்; எதிர்த் தரப்பின் ஓட்டையைக் கண்ட கணமே சுட்டிக்காட்டுவார். இத்தகையோர் நம் முன்னே கொட்டாவி விடுகிறார்கள் என்றால் குறை அவர்களிடம் இல்லை. அவர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு எதையும் நாம் கொண்டுவரவில்லை.

சமய மேடைக்கும் இவ்வீழ்ச்சியில் பங்குண்டு. அதனாலேயே இம்மாத இதழில் இதை எழுதுகிறேன். இன்றைய மேடைத் தமிழின் வேர்களுள் ஒன்று ஆலயப் பீடத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷனரி பீட்டர் பெர்சிவல் அவர்களுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். அங்கு அவர் மறையுரை என்னும் வடிவத்தின் ஆற்றலைக் கண்டார். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவ மறைபரப்பை எதிர்ப்பதற்கே அவ்வடிவத்தை எடுத்தாண்டார் என்பது வரலாற்றின் விந்தை. பொதுமக்களை நோக்கி எளிய உரைநடையில் பேசும் அம்முறை சமய எல்லையைத் தாண்டிப் பரவியது. 1908-இல் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் பேசிய பேச்சுக்கு அஞ்சி ஆங்கில அரசு அவர்களைச் சிறையிலிட்டது. கேட்டவர்கள் சிரித்ததற்காக எந்த அரசும் பேச்சாளரைச் சிறையிலிட்டதில்லை. கேட்டவர்கள் எழுந்து நின்றதே அவர்கள் செய்த குற்றம்!

கொடுக்கல் வாங்கல் அறிந்த நகரத்தார் மண்ணில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு காலத்தில் பீடம் மேடைக்கு முதல் கொடுத்தது. இன்று பீடம் மேடையிடம் கடன் வாங்குகிறது. அதுவும் தேய்ந்த காசை! தொலைக்காட்சித் துணுக்கு மறையுரையின் முகவுரையாகிறது; அலைபேசியில் வந்த கதை அதன் நடுவுரையாகிறது; ஒரு திரைப்பாடல் முடிவுரையாகிறது. போதாக்குறைக்கு ஒளித்திரை வேறு. திரையில் உள்ள வரிகளையே பேசுபவர் வாசிக்க, கேட்பவர் அவருக்கு முன்பே வாசித்து முடித்துவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறார். பயிற்சிக் கூட்டங்களிலும் பள்ளிகளிலும் 'பவர்பாயிண்ட்' படும் பாடும் இதுவே. படமும் கருவியும் தம்மளவில் தீங்கற்றவை. ஆயினும் உழைக்காதவன் அவற்றின் பின்னே ஒளிந்துகொள்கிறான்.

திருச்சபை இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், மறையுரை வழிபாட்டின் பகுதியே என்று உரைத்தது. மக்கள் கூடும் ஞாயிறு திருப்பலிகளில் தக்க காரணமின்றி அதனை விட்டுவிடலாகாது என்றும் பணித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் மடலில், மறையுரை ஊடகங்களின் கேளிக்கை நிகழ்ச்சி போன்றதாக இருக்க முடியாது என்றார். ஆயத்தம் செய்யாத மறையுரையாளர் நேர்மையற்றவர் என்னும் கடுஞ்சொல்லையும் அவர் தவிர்க்கவில்லை. 2024-இல், மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று அறிவுறுத்தினார். கேளிக்கையும் வேண்டாம், நீளமும் வேண்டாம் என்றால் எஞ்சுவது என்ன என்று குருக்கள் சிலர் மலைக்கின்றனர். எஞ்சுவது உழைப்பு.

விவிலியத்தில் நான் கண்ட தலைசிறந்த பேச்சு நாத்தான் இறைவாக்கினருடையது. சாமுவேல் இரண்டாம் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உரியாவின் மனைவியைக் கவர்ந்து, அவனைப் போர்முனையில் மடிய விட்ட மன்னன் தாவீதின் முன் அவர் நிற்கிறார். கண்டித்துப் பேசவில்லை, புகழ்ந்து பேசவுமில்லை. ஏராளமான ஆடுகளை உடைய செல்வன் ஒருவன், ஏழை ஒருவன் மகள் போல் வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்து வைத்த கதையைச் சில வாக்கியங்களில் சொல்லி நிறுத்துகிறார். தீர்ப்பைத் தாவீதே கூறுகிறான், சினந்து கூறுகிறான். அதன் பின்னரே அம்மனிதன் நீயே என்னும் சொல் இறங்குகிறது. நல்ல சமாரியர் உவமையிலும் ஆண்டவர் இதையே செய்தார். அயலான் யார் என்று கேட்ட திருச்சட்ட வல்லுநருக்கு விடை தரவில்லை. கதையைச் சொல்லி, அம்மூவருள் அயலானாய் நடந்துகொண்டவர் யார் என்று அவரையே கேட்டார். கேட்பவனை நடுவராக அமர்த்துவதே பேச்சுக்கலையின் உயிர்நிலை. துணுக்குப் பேச்சோ அவனை வேடிக்கை பார்ப்பவனாக்கி அனுப்பிவிடுகிறது.

அவ்வாறாயின் நகைச்சுவையே கூடாதா? கூடும். கி.பி. 400-ஐ ஒட்டி, கார்த்தேஜ் நகரின் திருத்தொண்டர் ஒருவர், தம் போதனை தமக்கே சலிப்பூட்டுகிறது என்று புனித அகுஸ்தீனாருக்கு எழுதினார். அவருக்கு மறுமொழியாகப் புனிதர் ஒரு நூலையே எழுதினார். கேட்பவர் சோர்வுற்றால் கண்ணியமான நகைச்சுவையால் அவரைத் தெளிவிக்கலாம். ஆனால் அது எடுத்துக்கொண்ட பொருளுக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும் என்றார். மற்றொன்றும் சொன்னார்: அவர் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தால் உட்கார இருக்கை கொடுங்கள்! பேச்சாளனுக்கு இதைவிடச் சிறந்த பாடம் உண்டா? கேட்பவருடைய கால் வலியை உணர்ந்தவனே அவர் மனத்திற்குள் நுழையத் தகுதி பெறுகிறான்.

துரோவா நகரில் பவுல் அடிகளார் நள்ளிரவு வரை பேசியபோது, பலகணியில் அமர்ந்திருந்த யூத்திகு என்னும் இளைஞர் உறங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறது. பவுல் தூங்கியவரைக் கடிந்துகொள்ளவில்லை. கீழே இறங்கிச் சென்றார், அவரை அணைத்துக்கொண்டார். பின்னர் விடியும் வரை பேசினார். மக்களும் இருந்து கேட்டனர். நம் கூட்டங்களில் பலகணிக்குப் பதில் அலைபேசி இருக்கிறது. அதன் வழியே எத்தனையோ யூத்திகுகள் விழுந்துகொண்டிருக்கிறார்கள். நாமோ இறங்குவதில்லை, மேலிருந்தே அதட்டுகிறோம், அல்லது வேடிக்கை காட்டுகிறோம்.

இறங்குவது எப்படி? வள்ளுவர் பொருட்பாலில் பேச்சுக்கென மூன்று அதிகாரங்களை ஒதுக்கினார்: சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை. முப்பது குறட்பாக்கள்! அவையஞ்சாமைக்கு முன்னே அவையறிதலை வைத்த வரிசையை நோக்குங்கள். நம் பேச்சுப் பயிற்சிகள் அச்சம் நீக்குவதோடு நின்றுவிடுகின்றன. அவையை அறியக் கற்றுத் தருவதில்லை. எதிரே அமர்ந்திருப்பவர் இன்று எந்தக் கவலையோடு வந்தார்? அவருக்கு எது தெரியும்? எதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்? இவற்றை அறியாமல் மேடை ஏறுபவர் துணிவுடையவர் அல்லர், பொறுப்பற்றவர்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். மேடையில் உள்ள பன்னிரண்டு பேரின் பட்டங்களையும் பன்னிரண்டு பேச்சாளரும் அடுக்கும் 'அவர்களே' வரிசையை ஒழியுங்கள். பொன்னாடைகளுக்குச் செலவிடும் நேரம் மக்களிடமிருந்து பறித்த நேரம். குறித்த நேரத்தில் தொடங்குங்கள். குறித்த நேரத்தில் அமருங்கள். ஒரு பேச்சுக்கு ஒரு வினா போதும். ஆனால் அது உங்களையே உறங்கவிடாத வினாவாக இருக்கட்டும். விடையை ஊட்டிவிடாதீர்கள்.

இது வெறும் கலைச் சிக்கலன்று. குடியரசு நாளிலும் தொழிலாளர் நாளிலும் விடுதலை நாளிலும் காந்தியடிகள் பிறந்த நாளிலும் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. தீர்மானங்கள் வாசிக்கப்படுகின்றன, பதிவேடு சுற்றி வருகிறது, மக்கள் கையொப்பமிட்டுக் கலைகிறார்கள். கண்மாய் தூர்ந்ததைப் பற்றி, குடிநீர் வராததைப் பற்றி வினா எழுப்ப எத்தனை பேர் எழுகிறார்கள்? எழுவோரை எத்தனை இடங்களில் அமர்த்திவிடுகிறார்கள்? ஆண்டு முழுவதும் கைதட்டவும் சிரிக்கவும் மட்டுமே பழக்கப்பட்ட மக்கள், தீர்ப்பளிக்க வேண்டிய நாளிலும் வேடிக்கையே பார்ப்பார்கள். வாக்குக் கேட்டு வருவோருக்கு அது மிக வசதி. பேசுவோரே, நீங்கள் மக்களை உறங்க வைத்தீர்கள் என்பதல்ல என் குற்றச்சாட்டு. அவர்கள் விழித்திருந்தும் எதையும் தீர்மானிக்காதபடி செய்துவிட்டீர்கள். அடகு வைத்த மேடையை மீட்டுக் கொடுங்கள். நடுவர் இருக்கையில் மக்கள் அமரட்டும்.