கோல்கொண்டாவின் கைதி: பழைய புனைவும் புதிய சுருக்கமும்

இசைமேதைகளின் வாழ்க்கையைப் பாட்டு நாடகமாகவோ திரைப்படமாகவோ ஆக்கும்போது "இது உண்மையில் நடந்ததா?" என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. கேள்வி நியாயமானதே, ஆனால் போதுமானதன்று. 2009இல் பாரிஸில் அரங்கேறிய மொசார்ட் பற்றிய ராக் ஆபரா, சாலியேரியை மீண்டும் பொறாமைக்காரராகவே நிறுத்தியது. அந்தப் பிம்பத்தின் வேர் 1830இல் புஷ்கின் எழுதிய சிறு நாடகம்வரை செல்கிறது. சாலியேரியோ மொசார்ட்டின் மகனுக்கு இசை கற்பித்தவர். 1785இல் இருவரும் பங்கேற்று அமைத்த ஓர் இசைப்படைப்பும் பிராகில் கண்டெடுக்கப்பட்டுள்ளது. எனவே, ஒரு புனைவுக்கு யார் விலை கொடுக்கிறார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஐதராபாத்தில் இக்கேள்விக்கு மிகப் பொருத்தமான சான்று பத்ராசல ராமதாசர். 1964இல் நாகையாவும், 2006இல் கே. ராகவேந்திர ராவும் அவர் கதையைப் பாடல்கள் நிறைந்த திரைப்படங்களாக ஆக்கினர். கதையின் கரு யாவரும் அறிந்தது. நேலகொண்டபல்லியில் பிறந்த கஞ்சர்ல கோபண்ணா, கோல்கொண்டா அரசில் வருவாய் அதிகாரியாக இருந்தவர். வரிப்பணத்தைக் கொண்டு பத்ராசலத்தில் ராமர் கோயிலை எழுப்பினார். சுல்தான் அபுல் ஹசன் குதுப் ஷா அவரைச் சிறையிலிட்டார். ராமரும் இலக்குவனும் இளைஞர்களாகத் தோன்றிப் பணத்தைச் செலுத்தி அவரை மீட்டனர். கோட்டைக்குச் செல்வோருக்கு அச்சிறை இன்றும் காட்டப்படுகிறது.

2006ஆம் ஆண்டுப் படத்தில் கபீர்தாசராக அக்கினேனி நாகேஸ்வர ராவ் நடித்தார். கபீர் 15ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவர். கோபண்ணா 17ஆம் நூற்றாண்டினர். ஆண்டுக் கணக்கு பொருந்தவில்லை என்பதற்காக இயக்குநரைக் குறை கூறுவது எளிது. ஆனால் இருவரையும் குருவும் சீடருமாக இணைத்தது திரைப்படமன்று. அதற்கு முன்பே வழங்கிவந்த பக்தர் சரிதம். ஒரு ராம பக்தருக்கு, இசுலாமிய நெசவாளர் குடியில் வளர்ந்தவர் குருவாகிறார். காலம் பிழையே, கருத்து பிழையன்று. இப்புனைவால் எவருக்கும் இழுக்கில்லை.

பன்னிரண்டு ஆண்டுச் சிறைவாசம் வேறு வகையானது. அபுல் ஹசன் 1672இல் அரியணை ஏறினார். 1687இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் வீழ்ந்தது. ஆட்சிக்காலமே பதினைந்து ஆண்டுகள்தாம். அதன் பெரும்பகுதியில் அரசை நடத்திய அக்கண்ணாவும் மாதண்ணாவும் கோபண்ணாவின் தாய்மாமன்கள் என்கிறது மரபு. மாமன்கள் அமைச்சர்களாய் இருந்த காலம் முழுவதும் மருமகன் சிறையில் வாடினாரெனில், அதற்கு விளக்கம் தேவை. பாண்டியநாட்டுப் பஞ்சத்தைப் பன்னிரண்டு ஆண்டு என்று இறையனார் களவியல் உரை கூறுவதையும், பாண்டவர் வனவாசம் பன்னிரண்டு ஆண்டு என்பதையும் அறிந்த தமிழ் மாணவர், இவ்வெண்ணை நாட்காட்டிக் கணக்காக மட்டும் வாசிக்க மாட்டார். "நெடுங்காலத் துன்பம்" என்பதைக் கதைமரபு சொல்லும் முறைகளில் அதுவும் ஒன்று.

உண்மையான சிக்கல் சுல்தானின் உருவில்தான் இருக்கிறது. அவரது பட்டப்பெயரான தானா ஷா, தெலுங்கில் தானீஷா என வழங்குகிறது. இந்தியிலோ "தானாஷா" என்றால் சர்வாதிகாரி. ஒரு மனிதரின் பெயரே கொடுங்கோன்மையைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டதாகக் கருதப்படுகிறது. ஆனால் அக்காலத்தில் முகலாயர் தரப்பு அவர்மீது சாட்டிய குற்றங்களுள் ஒன்று, ஆட்சியைப் பிராமண அமைச்சர்களிடம் ஒப்படைத்துவிட்டார் என்பது. அந்த அமைச்சர்கள் இருவரும் கோல்கொண்டாவிலேயே கொலையுண்டனர். அன்று ஒரு காரணத்துக்காகப் பழிக்கப்பட்டவர், இன்று அதற்கு நேர் எதிரான காரணத்துக்காகப் பழிக்கப்படுகிறார்.

பழைய கதை இவ்வளவு கடுமையானதன்று. அதன் உச்சத்தை மீண்டும் நோக்கலாம். ராமர் காட்சியளித்தது யாருக்கு? சிறையில் உருகிய பக்தருக்கன்று. உறக்கம் கலைந்து எழுந்த சுல்தானுக்கு. பத்ராசலத் திருக்கல்யாணத்துக்கு அரசு முத்துகள் அனுப்பும் வழக்கத்தையும் மரபு அவரோடேயே தொடர்புபடுத்துகிறது. தெலங்கானா அரசு அவ்வழக்கத்தைத் தொடர்கிறது. கபீர், மாமன்கள், சுல்தான் பெற்ற தரிசனம், முத்துகள் ஆகிய நான்கையும் நீக்கினால் எஞ்சுவது "முஸ்லிம் மன்னன் ராம பக்தனைச் சிறையிட்டான்" என்ற ஒற்றை வரி. அவ்வரியின் ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கலாம். ஆயினும் கோல்கொண்டாவைப் பற்றி அது தரும் சித்திரம் பொய். அற்புதங்கள் மலிந்த பழைய புனைவு அந்த அரசின் கலப்புத்தன்மையைக் காத்துவந்தது. அற்புதங்களைக் களைந்த புதிய "உண்மை" அதனை இழந்துவிட்டது.

அவர் பெயரில் வழங்கும் கீர்த்தனைகளும் இந்த ஒற்றை வரிக்கு இடங்கொடுப்பதில்லை. "இக்ஷ்வாகு குல திலகா" என்ற கீர்த்தனை, சீதைக்கும் ராமனின் தம்பியருக்கும் செய்த அணிகலன்களை விலையோடு பட்டியலிடுகிறது. ராமனையே ஏசிவிட்டுப் பின் பொறுத்தருள வேண்டுகிறது. குரல் பக்தருடையது, நடை கணக்கு எழுதியவருடையது. அங்கே சினம் சுல்தானைக் காட்டிலும் கடவுளையே நோக்கிப் பாய்கிறது. வழக்கு வரவுசெலவு பற்றியது, மதம் பற்றியதன்று. பின்னாளில் திருவையாற்றில் தியாகராஜர் ராமதாசரின் சிறைமீட்பைக் குறிப்பிடும்போது, அதைத் தாம் கேள்வியுற்ற செய்தியாகவே சொல்கிறார். அறிந்ததையும் கேட்டதையும் வேறுபடுத்தும் அந்த வினைச்சொல் ஆய்வாளர்க்கு நல்ல பாடம்.

இத்தகைய படைப்புகளை வகுப்பறையில் எடுத்துக்கொள்ளும்போது ஆவணம், கீர்த்தனை, பக்தர் சரிதம், திரைக்கதை என நான்கு அடுக்குகளைப் பிரித்து, ஒவ்வொரு செய்தியும் எந்த அடுக்கில் முதலில் நுழைந்தது என்று வினவுவது பயன்தரும். கலைஞருக்குப் புனைய உரிமை உண்டு. அப்புனைவிலிருந்து தமக்கு வேண்டியதை மட்டும் கிள்ளியெடுத்து வரலாறு என விற்போருக்கு அந்த உரிமை இல்லை.