கடன் தவணையும் ஆசிரியரின் சுதந்திரமும்

'நிதிச் சுதந்திரம்' என்ற சொல் அண்மை ஆண்டுகளில் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. சம்பளத்தில் ஒரு பங்கை முதலில் ஒதுக்க வேண்டும், அதைப் பங்குச் சந்தை சார்ந்த நிதிகளில் மாதந்தோறும் போட வேண்டும், கடனை விரைந்து அடைக்க வேண்டும், ஓய்வு நேரத்தில் இன்னொரு வருமானத்தைத் தேட வேண்டும், அப்படிச் செய்தால் ஐம்பது வயதுக்கு முன்பே எவரையும் சாராமல் வாழலாம் என்பது அதன் சாரம். பரஸ்பர நிதி முகவர்களும் காப்பீட்டு விற்பனையாளர்களும் இதை ஒரு நல்லொழுக்கப் பாடமாகவே நடத்துகிறார்கள். வீண் செலவைக் குறைப்பதும் கந்துவட்டிக்காரரிடமிருந்து விலகி நிற்பதும் நல்லவையே. அவற்றை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஆசிரியர் ஏன் கடனாளியாகிறார் என்ற கேள்வியை இந்தப் பாடம் தொடுவதே இல்லை.

நாட்டின் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை 2024-25ஆம் கல்வியாண்டில் ஒரு கோடியைத் தாண்டியதாக ஒன்றிய அரசின் கல்விப் புள்ளிவிவரம் பெருமையுடன் கூறுகிறது. இந்த ஒரு கோடிப் பேரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள். ஒரே ஊதியத்தைப் பெறுவதில்லை. ஏழாவது ஊதியக் குழுவின்படி கேந்திரிய வித்யாலயாவின் தொடக்கநிலை ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.35,400, அகவிலைப்படி தனி. உத்தரப் பிரதேசத்தின் கிராமப் பள்ளியில் அதே வயதுக் குழந்தைகளுக்கு அதே எழுத்தைக் கற்பிக்கும் 'சிக்ஷா மித்ரா'வுக்கு 2017இல் நிர்ணயிக்கப்பட்ட மதிப்பூதியம் ரூ.10,000. அதுவும் ஆண்டில் 11 மாதங்களுக்கு மட்டுமே. பெரும்பாலான சுயநிதித் தனியார் பள்ளிகளின் கதையோ எந்தப் பட்டியலிலும் முழுமையாக ஏறுவதில்லை. கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, கைக்கு வரும் தொகை வேறொன்று என்ற வழக்கம் பல மாநிலங்களில் இன்னும் தொடர்கிறது.

சிக்ஷா மித்ராக்களின் அனுபவத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆசிரியர் பற்றாக்குறையைக் குறைந்த செலவில் சமாளிக்க, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகச் சொற்பமான மதிப்பூதியத்துக்கு அவர்கள் அமர்த்தப்பட்டார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்த பிறகு, 2014 முதல் மாநில அரசு அவர்களை உதவி ஆசிரியர்களாக நிரந்தரப்படுத்தத் தொடங்கியது. ஊதியம் ரூ.38,000 அளவுக்கு உயர்ந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக வங்கியின் வாசல் அவர்களுக்குத் திறந்தது. பலர் வீட்டுக் கடன் வாங்கினார்கள். பிள்ளைகளை நகரத்துக் கல்லூரிகளில் சேர்த்தார்கள். 2017 ஜூலை 25 அன்று, ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவர்களை நிரந்தரப்படுத்தியது செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். ஊதியம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. கடன் தவணை சுருங்கவில்லை. அடுத்த ஆண்டு அதே நாளில் லக்னோவில் பெண் ஆசிரியர்கள் தலையை மழித்துக்கொண்டு போராடிய காட்சியை நாடு பார்த்தது. அவர்கள் வருவாய்க்கு மீறிச் செலவழித்தவர்கள் என்று எந்த நிதி ஆலோசகராவது சொல்ல முடியுமா? அரசு கொடுத்த நியமன ஆணையை நம்பியதைத் தவிர அவர்கள் செய்த 'ஊதாரித்தனம்' எதுவுமில்லை.

பீகாரில் இதே ஏற்பாடு இன்னும் விரிவாக நடந்தது. நிரந்தர ஆசிரியர் பிரிவை 'மறைந்துவரும் பிரிவு' என்று அறிவித்துவிட்டு, உள்ளாட்சி அமைப்புகளின் வழியாகக் குறைந்த ஊதியத்தில் 'நியோஜித்' ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கையைப் பாட்னா உயர்நீதிமன்றம் 2017 அக்டோபரில் ஏற்றது. பீகார் அரசும் ஒன்றிய அரசும் நிதிச் சுமையைக் காரணம் காட்டின. 2019 மே 10 அன்று உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. ஏறத்தாழ மூன்றரை லட்சம் ஆசிரியர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். இத்தனைக்கும் 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில் தற்காலிக ஊழியர்களுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று கூறியது இதே நீதிமன்றம்தான். 2025 ஆகஸ்டில் குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில், மாதம் ரூ.30,000 மட்டும் பெற்றுவந்தவர்களுக்கு முறையான ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தையாவது வழங்க வேண்டும் என்று அது உத்தரவிட்டது. குரு வணக்கச் சுலோகம் சொல்வதால் மட்டும் ஆசிரியருக்கு மரியாதை வந்துவிடாது என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இருக்கிறது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால் ஒரு மாநிலத்தில் கிடைப்பது இன்னொரு மாநிலத்தில் மறுக்கப்படும் வரை, ஆசிரியரின் ஊதியம் எந்த வழக்கு எந்த அமர்வுக்கு முன் வருகிறது என்பதையே பொறுத்திருக்கும்.

நிரந்தரப் பணியில் இருப்போரும் இப்போது நிம்மதியாக இல்லை. மேற்கு வங்கத்தில் 2016ஆம் ஆண்டு நியமன முறைகேடுகளின் காரணமாக, 2025 ஏப்ரல் 3 அன்று 25,753 ஆசிரியர், ஊழியர் பணியிடங்கள் ரத்தாயின. திரிணாமுல் ஆட்சியின் பணி விற்பனைக்கு, காசு கொடுக்காமல் தேர்வெழுதித் தேறியவர்களும் சேர்ந்தே விலை கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்திய பின் மீண்டும் போட்டித் தேர்வுக்கு வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று வந்த மற்றொரு தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளில் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையேல் பணியிலிருந்து விலக நேரிடும் என்றது. ஓய்வு வயதுவரை சம்பளம் வரும் என்ற கணக்கில்தான் வங்கி கடன் கொடுக்கிறது. அந்தக் கணக்கின் அடித்தளமே ஆடும்போது கடன் பத்திரம் மட்டும் ஆடாமல் நிற்கிறது.

இனி வட்டிக் கணக்கு. ரூ.20 லட்சம் வீட்டுக் கடனை 20 ஆண்டுகளில் 7 சதவீத வட்டியுடன் அடைப்பதற்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ.15,500. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. மாறும் வட்டியில் வாங்கிய கடன் இதனால் 9.5 சதவீதத்தைத் தொட்டால், மாத வட்டி மட்டுமே ரூ.15,833. பழைய தவணையைத் தவறாமல் கட்டும் ஆசிரியர் அசலில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை, கடன் வளர்ந்துகொண்டிருக்கிறது. தவணையை ரூ.18,600க்கு மேல் உயர்த்தினால்தான் 20 ஆண்டுகளில் அது முடியும். விலைவாசியைக் கட்டுப்படுத்தத்தான் வட்டி உயர்வு என்று விளக்கம் தரப்பட்டது. காய்கறிக்கும் எரிவாயுவுக்கும் கூடுதலாகக் கொடுத்த அதே குடும்பமே வங்கிக்கும் கூடுதலாகக் கொடுத்தது.

ஒப்பந்த ஆசிரியருக்கோ வங்கிக் கடனும் எட்டாது. பணி உத்தரவாதம் இல்லாதவரை வங்கி ஏற்பதில்லை. நகைக் கடன், நுண்கடன் நிறுவனம், கைபேசிச் செயலிக் கடன் ஆகியவையே மிச்சம். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை உள்ள குடும்பங்கள் நுண்கடனுக்கு உரியவை. மாத வருமானத்தில் பாதிவரை தவணைக்குப் போகலாம். அதே விதிகள் நுண்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு முன்பிருந்த உச்சவரம்பை நீக்கின. ஆண்டுக்கு ரூ.1,10,000 பெறும் ஆசிரியர், வேறு வருவாய் இல்லாதபோது, இந்த வரையறைக்குள் வசதியாக அடங்கிவிடுகிறார். தேசத்தைக் கட்டியெழுப்புபவர் என்று செப்டம்பர் 5இல் பாராட்டப்படுபவரை, நாட்டின் கடன் சந்தை வறியவர் பட்டியலில் வைத்திருக்கிறது.

இரண்டாவது வருமானம் தேடு என்ற அறிவுரையின் பொருத்தத்தையும் பார்க்கலாம். ஆசிரியருக்குத் தெரிந்த தொழில் கற்பித்தல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு அவர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. ஏழை மாணவர் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமான தடையே. அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகளுக்கு அவரை அனுப்ப அனுமதிக்கிறது. வாக்காளர் பட்டியலுடன் வீடு வீடாக ஏறி இறங்கி, சத்துணவுக் கணக்கையும் இணையப் பதிவேற்றங்களையும் முடித்தபின் எஞ்சும் நேரம் எவ்வளவு என்பதைப் பங்குச் சந்தை உபதேசிகள் கேட்டதில்லை.

கடனுக்கு மற்றொரு வேலையும் உண்டு. முதலாளித்துவ அரசுக்கு அது மிகவும் பயன்படுகிறது. தவணைத் தேதிக்குப் பயப்படும் ஆசிரியர் வேலைநிறுத்த நோட்டீசில் கையெழுத்திடத் தயங்குகிறார். ஒரு நாள் ஊதிய வெட்டை நிரந்தர ஆசிரியர் தாங்கிக்கொள்வார்; ஒப்பந்த ஆசிரியருக்கு வெட்டப்படுவது அடுத்த ஆண்டின் ஒப்பந்தம். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டதையும், வேலைநிறுத்தத்துக்குச் சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்று டி.கே.ரங்கராஜன் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியதையும் இங்குள்ள தோழர்கள் மறந்திருக்க முடியாது. அந்த வாரங்களில் குடும்பங்களுக்குள் நடந்த பேச்சில் பெரும்பகுதி கடனைப் பற்றியதாகவே இருந்திருக்கும். புதிய பங்களிப்பு ஓய்வூதியம் தமிழ்நாட்டில் அதே 2003 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்ததும், ஒன்றிய அரசு 2004 ஜனவரி முதல் அதைப் பின்பற்றியதும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கவை. முதுமைக்கு அரசு பொறுப்பேற்ற காலத்தில் ஆசிரியர் கடனை மட்டும் அடைத்தால் போதும். இப்போது அதே சம்பளத்தில் பத்து சதவீதத்தை முதுமைக்கும் எடுத்துவைத்து, அது சந்தையில் என்னவாகும் என்று காத்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த 'ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்' அந்தப் பிடித்தத்தை அப்படியே வைத்திருக்கிறது.

ஆசிரியரின் பொருளாதாரச் சுதந்திரம் என்பதற்கு இந்நாட்டின் கம்யூனிஸ்ட் இயக்கம் வேறொரு விளக்கத்தைச் செயலில் தந்திருக்கிறது. 1957இல் கேரளத்தில் அமைந்த ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் கல்வி அமைச்சரான ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த மசோதா, உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களின் ஊதியத்தை அரசே நேரடியாக வழங்கும் என்றது. அதுவரை பள்ளி நிர்வாகியின் தயவில், அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கூடுதல் தொகைக்குக் கையெழுத்திட்ட ஆசிரியர்கள் ஏராளம். நியமனத்திலும் நீக்கத்திலும் நிர்வாகியின் தன்னிச்சைக்குக் கடிவாளம் இடப்பட்டது. சொத்துடைமையாளர்களும் சாதி, மத நிறுவனங்களும் சேர்ந்து 'விமோசன சமரம்' நடத்தியதற்கும், 1959 ஜூலை 31 அன்று அந்த ஆட்சி கலைக்கப்பட்டதற்கும் நிலச்சீர்திருத்தத்தோடு இந்தச் சட்டமும் முக்கியக் காரணம். ஆட்சி போனது, கருவூலத்திலிருந்து ஊதியம் என்ற ஏற்பாட்டைப் பின்வந்த எந்த ஆட்சியாலும் திரும்பப் பெற முடியவில்லை.

அந்த மரபைப் பேசும் இயக்கம் இன்றைய தன் அமைப்புகளையும் பார்க்க வேண்டும். ஒரே பள்ளியில் ஊதிய விகிதம் பெறுபவரும் தொகுப்பூதியம் பெறுபவரும் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் நிற்கிறார்கள். பல இடங்களில் சங்கங்களும் அப்படியே பிரிந்து நிற்கின்றன. அகவிலைப்படி நிலுவைக்கான போராட்டத்தில் காட்டும் வேகம் ஒப்பந்த ஆசிரியரின் பணிநிரந்தரக் கோரிக்கையில் வருவதில்லை. கல்விக்குத் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் என்று கோத்தாரி குழு 1966இல் சொன்னதையும் 2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை அதையே திரும்பச் சொன்னதையும் மாநாட்டுத் தீர்மானங்களில் படிக்கிறோம் என்பதோடு நிற்காமல், அந்தப் பணம் வராததால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு வட்டி கட்டுகிறார் என்பதைக் கிளைகளில் பணியாற்றும் ஆசிரியர் தோழர்கள் விசாரித்து அறிய வேண்டும்.

உடனடியாகச் செய்யத்தக்க ஒன்றும் இருக்கிறது. ஆசிரியர்களின் சிக்கன நாணயக் கூட்டுறவுச் சங்கங்கள் பல மாநிலங்களில் ஒழுங்காக இயங்குகின்றன. வட்டிக்காரரிடமிருந்து ஒரு தலைமுறையைக் காப்பாற்றியவை அவை. அவற்றில் பெரும்பாலும் நிரந்தரப் பணியாளருக்கு மட்டுமே இடம். ஒப்பந்த, தொகுப்பூதிய, விருந்தினர் ஆசிரியர்களையும் உறுப்பினராக்கும் துணைவிதித் திருத்தத்துக்குப் பொதுப்பேரவையின் தீர்மானமும் பதிவாளரின் ஒப்புதலும் தேவை. பதிவாளரிடம் போராட நேரலாம். பொதுப்பேரவையில் கை தூக்க வேண்டியவர்கள் ஆசிரியர்களே.